சொத்தையில்லாத பள்ளி

பள்ளிகளுக்குப் பல் பரிசோதனைக்குப் போனால் அவள் முகங்களைப் பார்ப்பதில்லை.

டீச்சர் பெயரைப் படிப்பார். ஒரு குழந்தை வந்து உட்காரும். டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு ஒரு சுற்று பார்ப்பாள்.

சொத்தை இல்லை.

அடுத்து.

சொத்தை இல்லை.

எல்லா வாயிலும் ஒரே பேஸ்ட் வாசனை. காலையில் குழாயடியில் வரிசையாக நிற்க வைத்துத் தேய்க்கச் சொல்லியிருப்பார்கள்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பள்ளித் தாளாளர். மடிப்புக் கலையாத சட்டை. வாயில் ஏலக்காய். ஒவ்வொரு 'இல்லை'க்கும் தலையை ஆட்டிக்கொண்டார், அத்தனை பல்லையும் அவரே முளைக்க வைத்தவர் போல.

"ஒரு சொத்தைகூட இல்லாத ஸ்கூல்னு கேட்ல போர்டு வைக்கப் போறேன் டாக்டர். அப்புறம் பாருங்க அட்மிஷனை."

அதே கேட்டுக்குள்தான் அவருடைய மச்சான் கடை. ஜாடி ஜாடியாக ஜவ்வு மிட்டாய். உள்ளே வரும்போதே பார்த்துவிட்டாள். காறித் துப்பலாம் போலிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜெனிஷா," என்றார் டீச்சர்.

வாய் திறந்தது.

மேல் முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருந்தது. அடுத்த பல் சற்றுத் திரும்பி முளைத்திருந்தது. கடைவாய் முழுக்கச் சுத்தம்.

இந்த வாயை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

காலையில் இதற்கு மகிழினி என்று பெயர்.

முகத்தை மறந்துவிடுவாள். வாயை மறக்கமாட்டாள். அதுகூடத் தெரியாத மடையன் பக்கத்தில் உட்கார்ந்து ஏலக்காய் மென்றுகொண்டிருந்தான். ஒரு போர்டுக்காக ஒரு பிள்ளையை ஒளித்துவைத்துவிட்டு இன்னொரு பிள்ளையை அனுப்பியிருக்கிறான்.

அவள் முதல்முறையாக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். இரட்டைச் சடை. எட்டு வயது இருக்கும். கண்கள் தாளாளர் பக்கம் போய்ப் போய்த் திரும்பின.

எழுந்து நின்று கத்தியிருப்பாள். அதற்குள் அந்தச் சிறுமி வாய்க்குள் விரலை விட்டு, பழுதே இல்லாத ஒரு கடைவாய்ப் பல்லைத் தொட்டாள்.

"இங்க வலிக்குது மிஸ். கன்னமெல்லாம் வீங்கிருச்சு. சோறே திங்க முடியல. மாத்திரை குடுப்பீங்களா?"

கன்னம் வீங்கியிருக்கவில்லை.

டீச்சர் தரையைப் பார்த்தார். ஏலக்காய் மெல்லும் சத்தம் நின்றது.

"விளையாட்டுப் புள்ள டாக்டர். சும்மா உளறுது. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க டீச்சர்."

அவள் அந்த ஆள் பக்கம் திரும்பவேயில்லை. குனிந்து சிறுமியிடம் கேட்டாள்.

"ஜெனிஷாவுக்கு எங்க வலிக்குது? சரியாக் காட்டும்மா."

விரல் வாயிலிருந்து வெளியே வந்தது. எச்சில் ஈரத்தோடு கொஞ்ச நேரம் தயங்கியது.

பிறகு நீண்டது. வராண்டாவின் கோடியில், வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்த கம்ப்யூட்டர் ரூம் கதவை நோக்கி.