உதவி தேவையில்லை

மகளுக்கு வகுப்பில் ஓர் உதவி ஆசிரியை கிடைப்பாரா மாட்டாரா என்பது அந்த நாலு பக்க விண்ணப்பத்தைப் பொறுத்திருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிக் கொண்டுவந்த பெருமை அப்பாவின் முகத்தில் தெரிந்தது. சிறப்புக் கல்வி அலுவலகத்தின் பெண் அதிகாரி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தானே சாப்பிடுவாள்னு போட்டிருக்கீங்க. நேத்து யார் ஊட்டினது?"

"நான்தான். நேத்து கொஞ்சம் அவசரம்."

"முந்தாநாள்?"

அவர் மேசை விளிம்பைப் பார்த்தார். "அன்னைக்கும் நான்தான்."

"பட்டன், செருப்பு, பாத்ரூம், எல்லாத்துக்கும் 'உதவி தேவையில்லை'. இப்படி எழுதினா உதவி ஆசிரியையை ஒரு மணி நேரத்துக்குக்கூட ஒதுக்க மாட்டாங்க சார். பொண்ணு கெட்டிக்காரின்னு காட்ட வந்தீங்களா, உதவி வாங்க வந்தீங்களா?"

"பெத்த பொண்ணைப் பத்தி முடியாது, முடியாதுன்னு எழுதக் கை வரலை மேடம்."

"எல்லாரும் இங்கதான் சறுக்குறாங்க." அதிகாரி புது விண்ணப்பம் ஒன்றை நீட்டினார். "பெற்றோர் உதவி மையத்துக்குப் போன் பண்ணுங்க. அங்க ஒருத்தர் பன்னிரண்டு வருஷமா இதைத்தான் சொல்லிக் கொடுக்குறார். 'குழந்தையோட நல்ல நாளை எழுதாதீங்க, மோசமான நாளை எழுதுங்க'ன்னு அதட்டியே எழுத வெச்சிடுவார். உங்களை மாதிரி ஆளைக் கண்டாலே அவருக்கு ஆகாது."

"இன்னைக்கு அவர் போனை எடுக்க மாட்டார் மேடம்."

"ஏன்?"

அப்பா பேனாவைத் திறந்து முதல் கேள்வியின் மேல் குனிந்தார்.

"லீவு போட்டுட்டுத்தான் இங்க வந்திருக்கேன்."