குமிழி வராத நேரம்

புதுவீட்டில் பால் காய்ச்சுகிற அன்று, தோரணத்துக்கு ஆணி அடிக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சுவருக்குள் போன செம்பு கேஸ் குழாயை ஓட்டை போட்டுவிட்டார். வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, ஃபிட்டர் இசக்கியப்பன் வரும்வரை ஒருத்தரையும் ஸ்விட்சைத் தொடவிடவில்லை நான். அவர் சுவரைக் கொத்தி, ஓட்டையான துண்டை வெட்டியெடுத்துப் புதுத்துண்டு பொருத்தினார். வால்வைத் திறந்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினார்.

“குமிழி வந்துச்சுன்னா இன்னும் கசியுதுன்னு அர்த்தம்.”

நல்ல நேரம் முடியப்போகிறது. சொந்தபந்தம் மொத்தமும் மூச்சடக்கிக் குழாயையே பார்த்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

அடுப்பு பற்றியது. கொஞ்ச நேரத்தில் பாலின் ஓரமெல்லாம் குமிழிகள். நுரை விளிம்புக்கு ஏறியதும் இசக்கியப்பனின் கை தானாக வால்வுக்குப் போனது. பாய்ந்து பிடித்தேன்.

“ஐயோ அண்ணே, மூடாதீங்க! பொங்கட்டும்!”