இறக்கி வைத்த கட்டில்

வேனை வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு, பழைய வீட்டுக்காரர் உள்ளே வந்தார். நடையில் இருட்டு. அவர் கை தானாகச் சுவிட்சைத் தேடிப் போய் விளக்கைப் போட்டது.

அதுவே வீட்டை வாங்கிக் குடிவந்திருந்த அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டை விற்ற பிறகும் கைக்கு என்ன உரிமை?

"பின்னறையிலதான் இருக்கு. நீங்க வச்சிட்டுப் போன இடத்துலயே," என்றாள்.

ஆஸ்பத்திரிக் கட்டில். வெள்ளைப் பெயின்ட் உரிந்த இரும்பு. கால்மாட்டில் ஒரு கைப்பிடி. சுற்றினால் தலைமாடு எழும்பும்.

அதில்தான் அவருடைய மனைவி நெடுநாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

அந்த அறையில் அவள் தையல் மெஷினைப் போடுவதாக இருந்தாள். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் அங்கேதான். குடி வந்த நாளாக மெஷின் சமையலறை மூலையில் முடங்கிக் கிடந்தது. தைத்த துணியில் எண்ணெய் வாசனை என்று ஒரு வாடிக்கைக்காரி மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போனாள். இன்னொருத்தி வருவதே இல்லை.

போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. காலி பண்ணிக் கொடுப்பதாகத்தானே பேச்சு, செத்தவர்கள் கட்டிலை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனால் எப்படி என்று கேட்டாள். ஒருநாள் அதற்கு மேலும் கேட்டுவிட்டாள். பெண்டாட்டி போனதும் பாரம் விட்டது என்று ஓடிவிட்டீர்களா என்று.

மறுமுனையில் அவர், "பார்க்கலாம்மா," என்றார்.

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி.

பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் இன்றைக்கு வேனோடு வந்திருக்கிறார்.

அவள் கணவன் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றிருந்தான். இந்தச் சண்டையில் அவன் வாயைத் திறந்ததே ஒரு முறைதான். "கிடந்துட்டுப் போகட்டும் விடு. அது என்ன, சோறா கேக்குது?"

சண்டை என்றால் ஒதுங்கிக்கொள்கிற ஆள். இந்த வீட்டு விஷயத்தில் மட்டும்தான் பிடிவாதம் பிடித்தான். அவள் ஆசைப்பட்டது காற்றோட்டமான ஒரு மாடி வீட்டுக்கு. 'ஏறி இறங்க வேணாம், இங்க படியே இல்லை பாரு' என்று இதையே பிடித்துக்கொண்டான். இப்பவே கிழவனாகிவிட்டீர்களா என்று அவள் கேலி செய்தாள். அவனும் சிரித்தான்.

அவளுக்குக் கேலியோடு பெருமையும் உண்டு. அவன் பேன்ட்டின் இடுப்பை அவள்தான் பிடித்துத் தைத்துக் கொடுக்கிறாள். காலையில் நடக்கப் போகிறார், கல்யாணத்தன்று இருந்த அளவுக்கு இறங்கிவிட்டார் என்று வாடிக்கைக்காரிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

பழைய வீட்டுக்காரரும் வேன்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலைத் தூக்கினார்கள். அவள் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கே ஏத்தியிருந்தா இந்த வாய்ச்சண்டை எதுக்கு?"

வேன்காரர் நின்றார். வீடு காலி பண்ணிய அன்றும் சாமான் ஏற்றியவர் அவர்தான்.

"அன்னைக்கே ஏத்துனோமேம்மா. கயிறுகூடக் கட்டியாச்சு. சார்தான் ஓடி வந்து, இதை மட்டும் இறக்கி வச்சிட்டுப் போங்கன்னு கேட்டு வாங்கினாரு."

அவர் முகவாயால் காட்டிய இடத்தில் அவள் கணவன் நின்றிருந்தான்.

"உன்னை யாருய்யா கேட்டா?" என்றார் பழைய வீட்டுக்காரர், தணிந்த குரலில். கட்டிலைத் தரையில் வைத்தார்.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"இது எதுக்குங்க நமக்கு?"

அவன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாய் சொட்டவில்லை.

அவள் பழைய வீட்டுக்காரரைப் பார்த்தாள். கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டுக்கொண்ட மனிதர். ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் வாயை அடைத்திருக்கலாம். சொல்லவில்லை. இப்போதும் அவள் முகத்தைப் பார்க்காமல், கட்டில் சட்டத்தில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுபடி கணவன் பக்கம் திரும்பினாள். இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் இடுப்புக்குப் போனது. பெல்ட்டில், கடைசி ஓட்டைக்கும் அப்பால், ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது.

"அப்புறமா சொல்லலாம்னு…" என்றான் அவன்.

வேன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏத்தவா, வேணாமாம்மா?"

அவள் திறந்து பிடித்திருந்த கதவை விட்டாள். அது மெதுவாகத் தானே சாத்திக்கொண்டது.

பழைய வீட்டுக்காரர் சைகை காட்டி வேன்காரரைக் கூப்பிட்டார். இருவரும் கட்டிலைத் திருப்பிப் பின்னறைக்கே கொண்டுபோனார்கள். இந்த முறை சுவரோரமாக இல்லை. ஜன்னல் பக்கம் தலைமாடு வைத்துப் போட்டார்கள். வெளிச்சம் நேராகக் கட்டிலில் விழுந்தது.

பிறகு பழைய வீட்டுக்காரர் கால்மாட்டில் குந்தி உட்கார்ந்து, கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார். இரும்பு கிரீச்சிட்டது.

"வேகமாச் சுத்தாதீங்கம்மா. தலையைத் தூக்கும்போதுதான் அவங்களுக்கு வலிக்கும். சத்தம் வேற ஆகாது. மெஷின் எண்ணெய் இருந்தா ரெண்டு சொட்டு விடுங்க."

அவளிடம் இருந்தது.

சமையலறைக்குப் போக அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். அவன் ஒதுங்கி வழிவிட்டான். அதற்கு அதிக இடம் தேவைப்படவில்லை.

எண்ணெய்க் குப்பி மெஷின் மேல்தான் இருக்கும். பக்கத்தில் கிடந்தது, இடுப்பைப் பிடிக்கச் சொல்லி அவன் காலையில் வைத்த இன்னொரு பேன்ட்.