சேலையில் ஒரு வெள்ளைக் கறை

பெண் பார்க்க வந்த விஜேந்திரன் கொழும்புக் கம்பெனியில் கிளார்க் என்று தரகர் சொல்லியிருந்தார். அதனால் பெண் சுதர்ஷினி தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுவதைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சுவிடவில்லை. ஆனால் தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்தவளின் சேலையில், வேலைச் சட்டை உரசிய இடத்தில் ஒரு வெள்ளைக் கறை.

“என்னம்மா அது?” என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

“கோலமாவுங்க!” சுதர்ஷினியின் அம்மா மீனாம்பாள் ஈரத்துணியால் தேய்தேயென்று தேய்த்தாள். கறை அசையவில்லை.

“தண்ணிக்குப் போகாதுங்க அத்தை!” என்று பதறினான் விஜேந்திரன். “தேங்காயெண்ணெய் தடவி, ஊறவச்சு உரிங்க. ரப்பர் பால் அப்பதான் வரும்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சுதர்ஷினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஒரு நாளைக்கு எத்தன மரத்துல பால் வெட்டுறீங்க?”

“இருநூத்தம்பது,” என்றான் தலையைக் குனிந்தபடி.

“நான் முந்நூறு!”