நடுவில் உட்கார்ந்தவன்

"இந்தா, இன்னொண்ணு வருது! வாங்கி அனுப்புடா!" என்று மேலறை கத்தியது.

இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உட்கார்ந்திருந்த இடைக்கணுவுக்குத் தலை சுற்றியது. மேலேயிருந்து வரும் மின்துடிப்பைக் கொஞ்சம் நிறுத்திக் கீழே விடுவதுதான் அவன் வேலை. முன்பெல்லாம் மேலே ஒரே ஒருவன் நிதானமாகச் சொல்வான். இப்போது மூலைக்கு மூலை நின்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். மேலறை ஒழுங்காகத் துடிக்கவேயில்லை, சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது.

உடம்பு முழுக்க ரத்தம் தள்ளுவது கீழறைதான். அது மூச்சு வாங்கியபடி இடைக்கணுவிடம் முறையிட்டது. "அண்ணே, முடியல. ரத்தம் நிரம்பறதுக்குள்ள அடுத்ததை அனுப்புறீங்க. வெறும் பையைப் பிழிஞ்சா என்ன வரும்? இப்படியே போனா நான் நின்னுடுவேன்."

வெளியே ஈ.சி.ஜி. மிஷின் தாளைத் துப்பியபடி சலித்துக்கொண்டது. "அடிக்கோடு ஒரே கிறுக்கல். ஒவ்வொரு துடிப்புக்கும் எழும்புற முள்ளுக்கு முள்ளு இடைவெளியும் ஒத்துப்போகல. நடுவுல இருக்கிறவன் தூங்குறானா?"

"ஆமா, தூங்குறேன். நீ வந்து இங்க உட்காரேன்" என்றான் இடைக்கணு.

மேலறை சிரித்தது. "பார்த்தியா, திட்டு உனக்குத்தான். உனக்கெதுக்கு வம்பு? நான் குடுக்கிறதையெல்லாம் ஒண்ணு விடாம அப்படியே கீழ தள்ளிட்டுப் போ."

இடைக்கணு வந்ததில் ஒன்றை மட்டும் கீழே விட்டான். அடுத்து வந்த நாலைந்தையும் தன் மேலேயே வாங்கிக்கொண்டான்.