சீலிங்கில் ஞாயிறு

"தலைகீழா இருக்கு" என்றாள்.

அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து சீலிங்கில் விழுந்த படம் நேராகத்தான் தெரிந்தது.

புரொஜெக்டரைத் தூக்கி மறுபக்கம் திருப்பி வைத்தான்.

தரையில் இரண்டு செங்கல். நடுவில் இடைவெளி. அவற்றின் மேல் லென்ஸ் மேலே பார்க்கும்படி நிறுத்தியிருந்தான். சூடு வெளியேற வழி விட வேண்டும் என்று ஆபீஸில் சொல்லித்தான் கொடுத்தார்கள். மீட்டிங் அறையில் இருப்பது. திங்கட்கிழமை காலை அங்கே திரும்ப இருக்க வேண்டும்.

"இப்ப?"

"ஃபேன் றெக்கைல விழுதுங்க."

கட்டிலை அவளோடு சேர்த்து மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்த்தினான். செங்கற்களையும் நகர்த்தினான். ஃபேனைத் தாண்டி, வெறும் வெள்ளையில் நீலச் சதுரம் போய் நின்றது.

பதினோரு மாதத்துக்கு முன், மொட்டைமாடிப் படியில், மழை ஈரத்தில் ஃபிலோமினா வழுக்கி விழுந்தாள். கழுத்துக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. அன்றிலிருந்து மல்லாந்துதான் கிடக்கிறாள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்தால் தலை சுற்றுகிறது.

ஜன்னலில் போர்வையைக் கட்டினான். காலை வெயில் ஓரங்களில் கசிந்தது. இன்னொரு போர்வை எடுத்து வந்தான்.

இருட்டியது.

லென்ஸைத் திருகித் திருகி எழுத்துகளைத் தெளிவாக்கினான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவளருகே கிடைத்த இடத்தில் மல்லாந்து படுத்தான்.

நீலச் சதுரத்துக்கு வெளியே ஓர் ஈரக்கறை. அதிலிருந்து கிளம்பி மூலைவரை போகும் விரிசல். பல்பு இல்லாத ஒரு ஹோல்டர்.

இந்த அறையில்தான் தினமும் அவளுக்குச் சோறு ஊட்டுகிறான். துடைத்து விடுகிறான். தலை வாருகிறான்.

ஒருநாளும் மேலே பார்த்ததில்லை.

"அந்தக் கறை ஐப்பசி மழைக்கு முன்னாடி சின்னதா இருந்துச்சு" என்றாள்.

அவன் எழுந்துகொண்டான்.

மாதா கோயில் தெருமுனையில் இருந்தது. பதினாறு வருடம் அங்கே பாடகர் குழுவில் முதல் குரல் ஃபிலோமினாவுடையது. விழுந்த பிறகு ஒரு வரி பாடவில்லை. குழுவிலிருந்து பார்க்க வந்தவர்கள் அழுதார்கள். அவர்கள் போன பிறகு, "இனிமே வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள்.

சொன்னான்.

அவர்களும் வரவில்லை.

புரொஜெக்டரோடு இணைத்த லேப்டாப்பை அவள் தலையணை அருகே வைத்தான். தன் போனிலிருந்து அதற்கு வீடியோ கால் போட்டான். சீலிங்கில் அவன் பேன்ட்டும் செருப்பும் பெரிதாக வந்தன.

"பூசை முழுக்க போனைப் பிடிச்சிக்கிட்டா நிப்பீங்க?"

"நிப்பேன்."

"பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன். ஏதாவதுன்னா கூப்பிடு ஃபிலோ. காதுலயேதான் இருக்கேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தெருவில் நடந்தான். கையை நீட்டி, அசையாமல், தளும்பும் பாத்திரத்தைக் கொண்டுபோகிறவன் போல. ஒரு காதில் இயர்போன். அதில் அவளுடைய ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

கோயிலில் தூணோரம் நின்றான். போனைப் பீடத்துக்கு நேராகப் பிடித்தான். வாசகம் முடிந்தது. பிரசங்கம் முடிந்தது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

தூங்கிவிட்டாளோ என்று நினைத்தான்.

"கொயர் பக்கம் திருப்புங்க."

அவன் உடனே திருப்பவில்லை. மைக்கின் முன்னால், அவள் நிற்கும் இடத்தில், புதிதாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். ஆறேழு மாதமாக அவள்தான் பாடுகிறாள். வீட்டில் அவன் இதைச் சொன்னதில்லை.

"திருப்புங்கங்க."

திருப்பினான்.

ஃபேன் ஓடியது. வெகுநேரம் ஓடியது.

"நல்லாத்தான் பாடுது" என்றாள்.

அதற்குப் பதில் சொல்ல முடியாது. சுற்றிலும் ஆட்கள். தலையை ஆட்டினான். அது அவளுக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

நன்மை அப்பம் வாங்கக் கூட்டம் எழுந்து வரிசையில் நின்றது. பின்னாலிருந்த பெரியவர் தோளைத் தொட்டு, "வரலையா தம்பி?" என்றார். இல்லை என்று சைகை செய்தான். கை வலித்தது. முழங்கையைத் தூணில் ஊன்றிக்கொண்டான்.

கீபோர்டு மெல்ல எழுந்தது. புதுப்பெண் தொடங்கினாள். குழு சேர்ந்துகொண்டது.

இயர்போனில் ஏதோ கரகரத்தது. லைன் போகிறது என்று நினைத்து அதை விரலால் அழுத்தினான்.

லைன் போகவில்லை.

சின்னக் குரல். பாதிக் காற்று. மார்பு உதவாத, தொண்டையிலிருந்து மட்டும் வரும் குரல். வரிக்கு இரண்டு தடவை அறுந்தது. பாட்டு அவளிடம் போய்த் திரும்ப நேரம் பிடித்ததால் குழுவுக்கு ஓர் அடி பின்னால் வந்தது. இவர்கள் அடுத்த சொல்லுக்குப் போன பிறகு அந்தச் சொல் அவனிடம் வந்தது.

அவன் இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டான்.

வரிசை பீடம்வரை போய்த் திரும்பியது. ஒவ்வொருவராக வந்து முழந்தாளிட்டார்கள். பெரியவரும் வந்து முழந்தாளிட்டார்.

பாட்டு முடிந்தது. புதுப்பெண் மைக்கை விட்டு நகர்ந்தாள். கீபோர்டு நின்றது. அவ்வளவு பெரிய கோயிலில் ஒரு குழந்தை இருமியது, பிறகு அதுவும் இல்லை.

அவன் காதில் கடைசி வரி இன்னும் பாதிகூட வந்திருக்கவில்லை.

நின்றது. மறுபடி எடுத்தது.

எல்லாரும் கண்மூடி முழந்தாளில் இருந்தார்கள். அவன் மட்டும் போனை உயர்த்தியபடி நின்றான், அவள் முடிக்கும்வரை.