பாப்பாவுக்குப் பால்

கல்யாணமான மறுவாரம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தயாளன் தன் மனைவி அமலராணியைத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த காபி ஹோட்டலுக்கு அழைத்துப் போனான். திரை போட்ட பேமிலி ரூமில் உட்கார்ந்து இரண்டு காபி சொன்னார்கள். சர்வர் மாரி அரை மணி கழித்து இரண்டு காபியோடு, ஆற்றிய பால் ஒரு டம்ளரும் வைத்தான்.

"பால் யாருப்பா கேட்டா?"

"பாப்பாக்கு சார்."

அமலராணி வெட்கப்பட்டுச் சிரித்தாள். மறுவாரமும் பால் வந்தது. முதலாளியிடம் சொன்னார்கள், அவர் மாரியைத் திட்டினார். அதற்குப் பிறகும் வந்தது. குழந்தையில்லாத ஐந்து வருஷமும் ஞாயிறு தவறாமல் வந்தது. அதைத் திருப்பி அனுப்ப அமலராணிக்கு மனசு வரவில்லை.

ஸ்டெல்லா பிறந்து, இரண்டு வயது முடிந்ததும் புதுக் கவுன் போட்டு அங்கே அழைத்து வந்தார்கள். தனி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மாரி இரண்டு காபியை வைத்துவிட்டுத் திரும்பினான்.

"பாப்பாவுக்குப் பால் எங்கேப்பா?" என்றாள் அமலராணி.

"எந்தப் பாப்பா? ஆளு ரெண்டு, காபி ரெண்டு கீது. சும்மா பேஜார் பண்ணாதம்மா."

தயாளன் கோபமாகப் போய் முதலாளியைக் கூட்டிவந்தான். அவர் திரையை விலக்கிப் பார்த்தார்.

"ரெண்டு பேர்தானே சார் வந்தீங்க?"

பக்கத்து அறையில் ஒரு நாற்காலி குறைந்தது. "இது காலிதானே" என்று மாரி, ஸ்டெல்லா உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பிடித்து இழுத்தான். அமலராணி எழுந்து கையை நீட்டுவதற்குள் நாற்காலி தரையைத் தேய்த்துக்கொண்டு திரைக்கு அப்பால் போயிற்று.

ஸ்டெல்லா அம்மாவைப் பார்த்து டாட்டா காட்டிக்கொண்டே போனாள்.